அக்காவுக்கு 43 வயது, ஏற்காடு. மேமோகிராமில் ‘அடர்த்தியான மார்பகம், 7 மி.மீ. சந்தேகம்’ என்று வந்திருக்கிறது. நியூக்ளியர் ஸ்கேனில் (கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும் படம்) தெளிவாகத் தெரியுமா?

தெரியலாம். ஆனால் எந்தக் கேமராவில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சேலத்திலோ வேறு ஊரிலோ நாள் வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இதயம், எலும்பு ஸ்கேன் எடுக்கும் பெரிய காமா கேமரா (மருந்தின் கதிர்களைப் பிடிக்கும் கேமரா) மார்பகத்தை ஒட்டி வராது. விலக விலகப் படம் மங்கும், 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகள் அதில் பெரும்பாலும் தப்பிவிடும். மார்பகத்துக்கென்றே உள்ள கேமராவில் இரண்டு தட்டுகள் மேலும் கீழும் மெதுவாக அழுத்திப் பிடிக்கும் (மேமோகிராம் அளவுக்கு வலிக்காது). 7 மி.மீ. கட்டி பிடிபட வாய்ப்பு அதில்தான். 5 மி.மீ.க்குக் கீழே அதுவும் தடுமாறும்.

ஊசியில் போடுவது டெக்னீசியம்-99எம் செஸ்டாமிபி. செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் போய்த் தங்கும் மருந்து. புற்று செல்களில் அது கூடுதலாகச் சேர்வதால், மேமோகிராமில் அடர்த்தியான திசுவின் வெள்ளைக்குள் வெள்ளையாக ஒளிந்த கட்டியும் இதில் தனித்துத் தெரியும்.

மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் தேதி கேளுங்கள். மற்ற நாட்களில் சாதாரணத் திசுவும் மருந்தை அதிகம் இழுத்துப் படத்தைக் குழப்பும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதே மருந்தில் எடுக்கும் இதய ஸ்கேனுக்குக் காபி கூடாது என்பார்கள். அந்தத் தடை இதற்கில்லை.

சந்தேகம் உள்ள பக்கத்துக் கையில் ஊசி போட விடாதீர்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அக்குள் நெறிக்கட்டிக்குப் போய் ஒளிரும்; புற்று பரவியதாகத் தோன்றும். எதிர்க் கை போதும். இரு பக்கமும் சந்தேகம் என்றால் கால் நரம்பு.

ஊசி போட்டு 5 நிமிடத்தில் படம் தொடங்கும். ஒரு கோணத்துக்கு 10 நிமிடம், இரு பக்கமும் சேர்த்து 4 கோணம். இந்த 40 நிமிடமும் அசையாமல் உட்கார முதுகுக்கு நல்ல சாய்மானம் கேளுங்கள். நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டி தட்டுக்குள் வராமலே போகலாம்; மார்பகத்தை நன்றாக முன்னிழுத்து வைப்பது டெக்னீஷியனின் கையில் இருக்கிறது.

டெக்னீசியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 6 மணி நேரம். அன்றே பஸ்ஸில் மலையேறிவிடலாம். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் மறுநாள் காலைவரை மடியில் வைக்க வேண்டாம்.

ஒளிர்வதெல்லாம் புற்றல்ல, ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றில்லாத கட்டியும் ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுகள் ஒளிராமலே இருக்கும். ஆகவே மேமோகிராமைப் பார்த்து டாக்டர் பயாப்ஸி (சதை எடுத்துச் சோதிப்பது) சொல்லியிருந்தால், ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனில் மட்டும் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அதே இடத்தைக் குறிவைத்து அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெரிந்தால் அதைப் பார்த்தபடியே ஊசியில் சதை எடுத்துவிடலாம்.