கிட்னியில் கட்டி: ஸ்டேஜ் சொல்ல எத்தனை ஸ்கேன் வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. வயிற்று வலிக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது வலது கிட்னியில் கட்டி தெரிந்தது. காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) போட்டு சிடி எடுத்தார்கள். 5 செ.மீ. அளவு, கேன்சர்தான், முதல் ஸ்டேஜ் என்கிறார் டாக்டர். பயாப்ஸி எடுக்காமல் எப்படிச் சொல்ல முடியும்? பெட் ஸ்கேன், போன் ஸ்கேன் எல்லாம் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டாமா? கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் அப்பாவுக்கு 1.4. மறுபடி காண்ட்ராஸ்ட் போடவும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த சிடியில் வயிற்றோடு நெஞ்சையும் சேர்த்து எடுத்தார்களா? ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருக்கும், பாருங்கள். வயிறு மட்டும்தான் என்றால் வேலை இன்னும் முடியவில்லை. கிட்னி கேன்சர் பரவினால் அதிகம் போய்ச் சேருவது நுரையீரலில்தான். 5 செ.மீ. கட்டியில் அந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்த்துவிட வேண்டும். நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகளைத் தேட காண்ட்ராஸ்ட் தேவையே இல்லை என்பதால் உங்கள் பயத்துக்கும் இதில் இடமில்லை. அப்படியே போட வேண்டி வந்தாலும், 63 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.4 என்றால் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், சுமார் 56 வரும். பொதுவாக ஸ்கேன் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுகள் நாங்கள் தயங்குவது அது 30-க்குக் கீழே இறங்கும்போதுதான்.

சரி, பயாப்ஸிக்கு வருவோம். சதையை எடுத்துப் பார்க்காமல் எப்படி என்று கேட்பது நியாயம்தான், பல கேன்சர்களில் அதுதான் முறையும்கூட. கிட்னியில் மட்டும் சிடியே நிறையச் சொல்லிவிடுகிறது. படத்தில் கட்டியின் மேல் சின்ன வட்டம் போட்டால் அதன் அடர்த்தி எண்ணாக வரும். சிடியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அதற்கு அலகு. தண்ணீருக்கு 0. காண்ட்ராஸ்ட் போடுமுன் 35 காட்டிய இடம், போட்ட பின் 90 காட்டினால் உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறது, அது வெறும் நீர்க்கட்டி இல்லை. முன்பு இருந்ததைவிட 20-க்கு மேல் கூடினாலே சந்தேகம் வலுக்கும். கட்டிக்குள் கொழுப்பு தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா, கேன்சர் இல்லை. இருந்தாலும் "கேன்சர்தான்" என்பது மிக வலுவான ஊகம். முடிவான வார்த்தை ஆபரேஷனுக்குப் பிறகு, எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜியில்தான் வரும். 4 செ.மீ.க்குள் உள்ள கட்டிகளில் சுமார் ஐந்தில் ஒன்று சாதாரணக் கட்டியாகவே முடிகிறது. வேறு உறுப்பில் ஏற்கெனவே கேன்சர் இருந்தவர், லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்தின் கேன்சர்) சந்தேகம் உள்ளவர், ஆபரேஷன் இல்லாமல் கட்டியைச் சுட்டு அழிக்கப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் பயாப்ஸி அவசியம். உங்கள் அப்பா இதில் எதிலாவது வருகிறாரா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டேஜ் கணக்கில் அளவு ஒரு பங்குதான். கிட்னிக்குள்ளேயே அடங்கி 7 செ.மீ. வரை இருந்தால் முதல் ஸ்டேஜ், அதைத் தாண்டினால் இரண்டு. ஆனால் 5 செ.மீ. கட்டிகூட, கிட்னியிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைக்குள் நுழைந்துவிட்டால் நேராக மூன்றுக்குப் போய்விடும். நான் கிட்னி சிடி பார்க்கும்போது அதிக நேரம் செலவிடுவது இந்தச் சிரையில்தான்.

கிட்னி கேன்சருக்கு ஒரு குணம் உண்டு. சிரைக்குள் புகுந்து, ரத்தம் போகும் திசையிலேயே கொடிபோல வளரும். கிட்னியின் சிரையிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கும், சிலருக்கு இதயத்தின் வலது மேலறை வரைக்கும் போய்விடும். வலது கிட்னியின் சிரை குட்டை என்பதால் அந்தப் பக்கக் கட்டிக்குப் பெருஞ்சிரை ரொம்பப் பக்கம். இங்கே கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. காண்ட்ராஸ்ட் ஏற்றி அரை நிமிடத்தில் எடுத்த படத்தில் கிட்னியிலிருந்து வரும் ரத்தம் வெள்ளையாகவும், காலிலிருந்து ஏறி வரும் ரத்தம் சாம்பலாகவும் இருக்கும். இரண்டும் பெருஞ்சிரையில் கலக்கும் இடம், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டதுபோலவே தெரியும். ஒன்றரை, இரண்டு நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அது மறைந்துவிட்டால் வெறும் ரத்தக் கலப்பு. அங்கேயே நின்று, அதுவும் காண்ட்ராஸ்ட் ஏறி வெளுத்திருந்தால், கட்டி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் ஒரே சிடியில் இரண்டு மூன்று முறை படம் எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் கிட்னி சிரையும் பெருஞ்சிரையும் சுத்தமாக இருக்கின்றன என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதிய ரேடியாலஜிஸ்டிடமே கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. சிரையில் சந்தேகம் என்றால் எம்ஆர்ஐ உதவும்.

நிணநீர் முடிச்சுகள் 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் குறிப்பிட்டிருப்பார்கள். அது மட்டும் வைத்துப் பரவிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உடம்பின் எதிர்வினையாலும் வீங்கும்.

பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம் என்பேன். அதில் வழக்கமாகப் போடும், சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. படத்தில் கிட்னியே பளிச்சென்று ஒளிரும், பக்கத்தில் இருக்கும் கட்டி அதில் மறைந்துபோகும். பல கிட்னி கேன்சர்கள் அந்த மருந்தை அதிகம் உறிஞ்சுவதும் இல்லை. போன் ஸ்கேன், எலும்பு வலி இருந்தாலோ ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் கூடியிருந்தாலோ மட்டும். மூளை ஸ்கேனும் அப்படித்தான்: விடாத தலைவலி, வலிப்பு, கைகால் மரத்துப்போவது போன்ற அறிகுறி இருந்தால்.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டேஜ் மாறினால் பதறாதீர்கள். கிட்னியைச் சுற்றிய கொழுப்பில் லேசான கீற்றுகள் சிடியில் தெரியும். அது வீக்கமா, கட்டி ஊடுருவியதா என்று எங்களால் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப் சொல்லும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, சிடி படங்கள் உள்ள டிஸ்கையும் கொண்டுபோங்கள். கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா என்று அந்தப் படங்களை வைத்தே கேளுங்கள். கிரியேட்டினின் 1.4 இருப்பவருக்கு அந்தக் கேள்வி முக்கியம்.