மேஸ்திரி மொழிபெயர்த்த வாக்குமூலம் செல்லுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்த மேற்கு வங்கத் தொழிலாளி அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருக்கிறார். தமிழ் தெரியாது. மேஸ்திரி மொழிபெயர்க்க, போலீஸ் எழுதிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: கைநாட்டை நினைத்துப் பதற வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னதை வைத்துப் போலீஸ் கம்போ அரிவாளோ கண்டெடுத்திருந்தால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது, பொருளை எடுத்த விவரத்தைப் போலீஸ் எழுதிவைக்கும் கைப்பற்றுதல் மகஜரை.

வில்லங்கம் மேஸ்திரியிடம்தான். ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர். கூலிப் பாக்கியும் வைத்திருக்கலாம், தகராறில் ஒரு கட்சியாகவும் இருக்கலாம். "அவன் கத்தியை எடுத்த பிறகுதான் தள்ளினேன்" என்று தொழிலாளி சொன்னதை, "அடிச்சேங்கிறான் சார்" என்று முடித்திருப்பார். கேட்டதற்கெல்லாம் தொழிலாளி தலையாட்டியும் இருப்பார். நம்மூர் ஆள் தாசில்தார் முன்னால் "சரிங்கய்யா" என்பாரே, அதுபோல, மரியாதைதான், சம்மதமல்ல.

ரிமாண்ட் அறிக்கை, கைதுக்கான காரணம் எழுதிய தாள் இரண்டுக்கும் நகல் வாங்குங்கள். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழில் மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த வாய்தாவிலேயே வக்கீல் அதை எழுப்பட்டும். வாயால் சொன்னால் போதாது, மனுவாகப் போட வேண்டும். அப்போதுதான் வழக்குக் கோப்பில் இருக்கும்.

அதே மனுவில் வங்காள மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். "அவனுக்கு இந்தி தெரியுமே" என்பார்கள். நாற்றுக்கட்டு தூக்கப் போதுமான இந்தி குறுக்கு விசாரணைக்குப் போதாது. திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் வங்காளம் தெரிந்தவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். யார் வந்தாலும் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுத்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும். விசாரணை தொடங்கியதும், தமிழில் சொல்லப்படும் சாட்சியத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் திறந்த கோர்ட்டிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 314-வது பிரிவு அது.

ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் கேட்பார்கள், நீங்களே நிற்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழி சொல்லும்.

"ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா ஊருக்குப் போயிடலாம்" என்று யாராவது அவரிடம் சொல்வார்கள். அது தண்டனையாகவே பதிவாகும். மொழிபெயர்ப்பாளர் வந்து குற்றச்சாட்டை முழுக்க விளக்கும்வரை ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.