மரக்கிளை இறக்கும் கப்பி, ஷேக்கிள், கயிறு: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: கொல்லைப்புற வேம்பின் கிளை ஓட்டுக்கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிப்போனால் நூறு கிலோ. வீட்டில் கனமான கிணற்றுக் கப்பி இருக்கிறது. அதில் கட்டி இறக்கலாமா?

வேண்டாம். கிணற்றுக் கப்பி பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரு குடம் தண்ணீரை நிதானமாக இழுக்க அது போதும். திடீரென்று சுண்டி இழுத்தால் வளையக்கூடச் செய்யாமல் பட்டென்று உடைந்துவிடும்.

அதைவிட முக்கியம், அந்த நூறு கிலோ கணக்கு. 30 செ.மீ. விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டே ஏறக்குறைய அந்த எடை வரும். வெட்டும் இடத்துக்குக் கீழே கப்பியைக் கட்டியிருந்தால் துண்டு முதலில் விழும், அப்புறம்தான் கயிறு பிடிக்கும். ஒரு மீட்டர் விழுந்து, கயிறு நீண்டு கொடுத்து அடுத்த அரை மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கயிற்றில் இழுப்பு உச்சத்தில் 600 கிலோவைத் தொடும். கப்பிக்கு இன்னும் மோசம். ஒரு பக்கம் மரத்துண்டு, மறுபக்கம் கீழே போகும் கயிறு, இரண்டும் சேர்ந்து அதை இழுக்கின்றன. உராய்வில் கொஞ்சம் கழிந்தாலும் கப்பியும், அதை மரத்தோடு கட்டிய நாடாப் பட்டையும் 1,000 கிலோவுக்குப் பக்கமாகவோ மேலாகவோ தாங்க வேண்டும். ‘அரை டன் கப்பி இருக்கிறதே’ என்று மரமேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

முடிந்தால் கப்பியை வெட்டும் இடத்துக்கு மேலே, உறுதியான கவட்டையில் கட்டுங்கள். விழும் தூரம் அநேகமாக இல்லாமல் போகும். அதற்கு வழியில்லையா, துண்டைச் சிறிதாக்குங்கள். கீழே இருப்பவர் கயிற்றை அடிமரத்தில் சுற்றிக்கொண்டு, ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தட்டும்.

கேள்வி: இரும்புக் கடையில் பளபளவென்று ஷேக்கிள் மலிவாகக் கிடைக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. வாங்கலாமா?

ஷேக்கிள் என்பது ‘ப’ போல வளைந்த இரும்பு வளையம், அதன் வாயைத் திருகாணி மூடும். எழுத்து இல்லாததை மரத்தில் ஏற்றாதீர்கள். நல்ல ஷேக்கிளின் உடலிலேயே தயாரித்தவரின் அடையாளமும் ‘டபிள்யூ.எல்.எல்.’ என்று டன் கணக்கும் புடைப்பாக இருக்கும். அது வேலைச்சுமை, அதாவது வேலையின்போது ஏற்றலாம் என்று தயாரித்தவர் சொல்லும் உச்ச அளவு. அறுபடும் சுமை பெரும்பாலும் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அந்த மிச்சம் தேய்மானத்துக்கும் எதிர்பாராத அதிர்ச்சிக்கும் விட்டது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. பளபளப்பு துருவைத்தான் தடுக்கும், பலம் தராது.

திருகாணி தொலைந்தால் ஷேக்கிளையே மாற்றுங்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் சாதாரண போல்ட்டை மாட்டிவிட்டார். முதல் துண்டிலேயே அது வாழைப்பழம் போல வளைந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. இன்னொன்று: ஓடும் கயிறு திருகாணிமேல் உரசக் கூடாது. உரச உரச அதுவே கழன்றுவிடும்.

கேள்வி: மலையேற்ற அலுமினிய காராபினரில் (தானாக மூடும் வாய் உள்ள கொக்கி வளையம்) 22 கிலோநியூட்டன் என்று இருக்கிறது. அதில் கிளையை இறக்கலாமா?

22 கிலோநியூட்டன் என்றால் சுமார் 2,200 கிலோ. ஆனால் அது உடையும் அளவு, வேலைச்சுமை அல்ல. அதுவும் நெடுக்காக இழுக்கும்போதுதான். குறுக்கே இழுபட்டாலோ வாய் திறந்திருந்தாலோ தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதன்மேலேயே அந்த எண்களும் இருக்கும். கிளைக்கு எஃகு ஷேக்கிளே சரி. ஆள் தொங்கும் சாமானையும் மரம் தொங்கும் சாமானையும் தனித்தனிப் பையில் வையுங்கள். மரத்துண்டின் அதிர்ச்சி வாங்கிய காராபினரில் அப்புறம் ஓர் உயிரைத் தொங்கவிடக் கூடாது.

கேள்வி: கயிறு?

கடைகளில் ‘நைலான் கயிறு’ என்று தரும் வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும், அடிமரத்தில் வேகமாக ஓடினால் அந்தச் சூடு வந்துவிடும். பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள், 250 டிகிரி வரை உருகாது. முடிச்சுப் போட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பழைய சாமானை எப்போது ஒதுக்குவது?

ஷேக்கிள் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், வாய் விரிந்தால், திருகாணி கையால் முழுவதும் சுற்ற வராவிட்டால் ஒதுக்குங்கள். வெல்டிங் வைத்தது தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். கப்பிச் சக்கரம் ஆடினாலும், பள்ளத்தில் கயிற்றைக் கிழிக்கும் பிசிறு இருந்தாலும் அப்படியே. நாடாப் பட்டையில் சுமை அச்சிட்ட சீட்டு போய்விட்டால் அதையும் விட்டுவிடுங்கள். ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்று நிறக்கணக்கு உண்டுதான். ஆனால் சாயம் யாரும் போடலாம். ஒதுக்கியதை இரண்டாக அறுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.