கை கனக்கிறது, ரவிக்கை இறுக்குகிறது: நோய் திரும்பிவிட்டதா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதுகிறார்: "வலது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒரு மாதமாக அந்தக் கை கனக்கிறது, ரவிக்கை இறுக்குகிறது. வீட்டில் எதையும் தூக்கவிடுவதில்லை. அடுத்த மாதம் உறவினர் திருமணத்துக்குத் திருச்சி போகவேண்டும். விமானம் ஏறலாமா? நோய் திரும்பிவிட்டதா?"

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நிணநீர் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிணநீர் என்பது திசுக்களில் ஊறும் தெளிந்த நீர்; கையில் ஊறுவது அக்குள் கணுக்கள் வழியாகத்தான் வடியும். அங்கே கணுக்களை எடுத்தபின் கதிர்வீச்சும் கொடுத்தால் வடிகால் குறுகிவிடும். சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் வீக்கம் தலைகாட்டும். ஆனாலும், புதிதாக வந்த வீக்கத்தை மருத்துவர் பார்க்காமல் விடக்கூடாது. இரத்தக்கட்டோ நோய் திரும்புவதோ கையை வீங்க வைக்கலாம். அக்குளில் புதிய கட்டி தென்பட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

யாருக்கு இது அதிகம் வருகிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வந்தது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது 100 பேருக்கு ஆறு பேர் அளவுதான். உடல் எடையும் இதில் முக்கியம். 2016இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில் 632 பெண்களின் கைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். கை பருப்பதற்கும் இரத்தம் எடுப்பது, ஊசி, இரத்த அழுத்தப் பட்டை, விமானப் பயணம் ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தது, கணுக்கள் இருக்கும் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தது, உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 25 அல்லது அதற்கு மேல் இருந்தது, தோலில் கிருமித்தொற்று வந்தது ஆகியவைதான் தொடர்போடு தெரிந்தன.

ஆகவே மருத்துவர் பார்த்து இரத்தக்கட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் தாராளமாகத் திருச்சி போங்கள். கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) அணியச் சொல்லியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அளவு பொருந்தாததைக் கடையில் வாங்கி மாட்டாதீர்கள், அது வேறு இடத்தில் நீரைத் தேக்கும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இரத்த அழுத்தம் பார்க்க இடது கையை நீட்டுங்கள். அவசரத்தில் வலது கையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்றால் அதற்காகக் கலங்கவேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது "எதையும் தூக்காதே" என்பதுதான். அசையாத கையில் நீர் நகராது, தசையும் தளர்ந்துபோகும். 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் பாதிப் பேர் வாரம் இருமுறை, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, பயிற்சியாளர் மேற்பார்வையில் எடை தூக்கினார்கள். வீக்கம் மோசமானது அவர்களில் 14 விழுக்காட்டினருக்கு; எடை தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கு. நீங்களும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஈரச்சந்தையிலிருந்து காய்கறிப் பையைக் கையில் கொண்டுவருவதில் தவறில்லை. கை கனத்தால் மாற்றிப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது தோலை. மீன் ஆயும்போது கையுறை போடுங்கள். தேங்காய் துருவும்போது விரல் கிழிந்தால் உடனே சோப்பு போட்டுக் கழுவி, மருந்திட்டு மூடுங்கள். குளித்தபின் கைக்கு ஈரப்பதம் தரும் கிரீம் தடவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், இன்றிரவே தையல் டேப்பை எடுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. கீழேயும் இரண்டு கைகளிலும் சுற்றளவைப் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். வாரம் ஒருமுறை அதே இடம், அதே நேரம். வலது முன்கையைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தியும் பாருங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். குழி விழாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், கனம்தான் பெரும்பாலும் முதலில் வரும். இந்தக் கட்டத்தில் ஸ்லீவ், பயிற்சி, மசாஜ் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். நீர் பிரியும் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள், இந்த வீக்கத்துக்கு அது உதவாது.

பயணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, "கணு எடுத்த பக்கத்துக் கை ஒரு மாதமாக வீங்குகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். குறித்த அளவுகளையும் எடுத்துப் போங்கள்.