கட்டுரையாளர் பெயரில் தேடினால் மலர் அகப்படாது

கோயிற் கட்டடக்கலைக் கட்டுரை ஒன்றை நூலகப் பட்டியலில் தேடி அகப்படவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கட்டுரையாளர் பெயரை விட்டுவிட்டு, அது வந்த மலரின் தலைப்பையோ பதிப்பாசிரியர் பெயரையோ போட்டுத் தேடுங்கள். அந்தக் கட்டுரை ஒரு மணிவிழா மலரில், அதாவது ஒருவரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு வெளியிடும் தொகுப்பில், வந்தது என்கிறீர்கள், பல்கலைக்கழக நூலகப் பட்டியல்களில் இப்படியான தொகுப்புகள் பெரும்பாலும் முழு நூலாகவே பதிவாகும், உள்ளே எழுதிய எல்லாருடைய பெயரும் ஏறாது.

தமிழ் எழுத்தில் வராவிட்டால் ஆங்கில எழுத்திலும் அடித்துப் பாருங்கோ. அப்புறம் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம்: பல மலர்களின் உள்ளடக்கத்தையே அங்கே தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள், பெரிய உழைப்பு அது, கட்டுரை எந்த மலரில் என்பது அதிலேயே உறுதியாகிவிடும்.

ஒன்று, மலர் பல்கலைக்கழக நூலகத்தின் உசாத்துணைப் (reference) பகுதியில் இருந்தால் இரவல் கிடைக்காது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அந்த நூலகத்துக்கு நேரில் போய் அங்கேயே இருந்து வாசிக்கும் யோசனையோடு போங்கள்.