பின்வரிசையில் குரல் வந்து வந்து போனது ஏன்?

சவுண்ட் இன்ஜினியரைத் திட்டாதீங்க, பெரும்பாலும் அது காத்தோட வேலை. பெங்களூரு கனகபுரா ரோடு தைலமரத் தோப்புல நடந்த திறந்தவெளிக் கச்சேரில பின்னாடி நின்னப்போ குரலும் சிம்பலும் (டிரம்மோட இருக்குற உலோகத் தட்டு) வந்து வந்து போச்சு, பேஸ் (கனமான அடிச்சத்தம்) மட்டும் விடாம இடிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. துப்பே அதுதான்.

காத்து உங்க பக்கத்துலேருந்து மேடையைப் பாத்து அடிச்சா, சத்தம் மேல்நோக்கி வளைஞ்சு உங்க தலைக்கு மேல போயிடும். முதல்ல அடிவாங்குறது கீச்சு சத்தங்கள்தான். போதாக்குறைக்கு இலைங்க வேற அதைச் சிதறடிக்கும். பேஸுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

அடுத்த தடவை மர உச்சியைப் பாருங்க. கிளை அடங்குறப்போ குரல் தெளிஞ்சா சந்தேகமே வேண்டாம், சவுண்ட் இன்ஜினியர் உக்காந்து சத்தத்தைச் சரிபண்ற மேசை, அதாவது மிக்சிங் டெஸ்க் பக்கத்துக்கு நகர்ந்துடுங்க. அங்க நிக்கிறவர் காதுக்கு ஏத்தபடிதான் எல்லாமே சரிபண்றாங்க. (செல்ஃபிக்கு அது சுமாரான இடம், அது வேற கதை.)

பேஸும் சேர்ந்து அறுந்தா கேபிள் கோளாறா இருக்கலாம். டிரம் ரெண்டு தடவை கேட்டா, மேடையிலேருந்து தூரத்துல வச்ச ஸ்பீக்கருக்கு டிலே (வேணும்னே வைக்கிற தாமதம்) சரியா வைக்கலைன்னு அர்த்தம்: மேடைச் சத்தம் 34 மீட்டருக்கு 0.1 விநாடி பிந்தும்.

தெளிவா கேக்குதேன்னு ஸ்பீக்கரை ஒட்டி மட்டும் நிக்காதீங்க. 100 டெசிபெல் சத்தத்துல ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் காதுக்குப் பாதுகாப்பான கணக்கு. இயர்பிளக் வாங்கி வச்சுக்கோங்க.