ஆத்தங்குடித் தரையா, அடுப்படியா?

கேள்வி: பிறந்த ஊர் காரைக்குடிப் பக்கம், வாக்கப்பட்டது திருச்சி. வயது 41. வீட்டுக்காரர் சம்பளம் கைக்கு 52,000 வருகிறது. வீட்டுக்கடன் தவணை 14,500, வீட்டுச் செலவு 31,000. பெண் பத்தாவது படிக்கிறாள். வங்கியில் 4.2 லட்சம் டெபாசிட், 14 பவுன் நகை, வேறு சேமிப்பு கிடையாது. ஆறு வருடமாக வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் செய்து விற்கிறேன். கிலோ 480 ரூபாய், சாமான் செலவு 270. தீபாவளிக்கு 140 கிலோ, கார்த்திகைக்கு 40, மற்ற மாதங்களில் 18 கிலோ போல் போகும். மாதம் சராசரி 11,000 நிற்கிறது. போன தீபாவளியில் 60 கிலோ ஆர்டரை முடியாது என்று திருப்பிவிட்டேன். இப்போது வீட்டை எங்கள் ஊர் வீடு மாதிரி மாற்ற ஆசை. 6.8 லட்சத்துக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது: மாடுலர் கிச்சன் 3.4, ஹாலுக்கு 320 சதுர அடி ஆத்தங்குடி டைல்ஸ் 1.1, மீதி ஃபால்ஸ் சீலிங், விளக்கு, அலமாரி, ஊஞ்சல். 6 லட்சம் பர்சனல் லோன் போட்டு (14 சதவீதம், 5 வருடம்) பலகார வருமானத்தில் கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நகையை வை என்கிறார் அத்தை. எதைச் செய்ய? ஊஞ்சலாவது போடலாமா?

பதில்: கணக்கை இவ்வளவு விவரமாக எழுதியதற்கே முதலில் நன்றி. பாதிப் பேர் "கையில் கொஞ்சம் இருக்கிறது, வீட்டை மாற்றலாமா" என்று எழுதுவார்கள், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவதற்குள் ஒரு மாதம் போய்விடும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு எண் மட்டும் மற்ற எண்களோடு ஒத்துப்போகவில்லை. அதுதான் அந்த 11,000.

நீங்கள் கொடுத்த கணக்கையே கூட்டிப் பார்த்தேன். தீபாவளி 140, கார்த்திகை 40, மீதிப் பத்து மாதமும் 18 வீதம் 180, ஆக வருடத்துக்கு 360 கிலோ. கிலோவுக்கு 480-லிருந்து 270 போனால் 210. வருடம் 75,600, மாதத்துக்கு 6,300 தான். தீபாவளி மாதத்தில் மட்டும் 29,400 கையில் கட்டாகப் பார்க்கிறீர்கள் இல்லையா, அது மனசில் நின்றுவிடுகிறது. மார்கழியில் 18 கிலோ விற்று 3,780 பார்த்தது நிற்பதில்லை. பலகாரம், தையல், டியூஷன் என்று வீட்டிலிருந்து சம்பாதிக்கும் எல்லோருக்கும் இது நடக்கிறது, உங்களைக் குறை சொல்லவில்லை.

அந்த 6,300-ம் முழுசாக நிற்காது. 270 என்பது அரிசி, உளுந்து, பாசிப்பருப்பு, வெண்ணெய், நெய், எண்ணெய். கேஸ் எங்கே? கவர், அட்டைப்பெட்டி, டேப்? தீபாவளிக்குப் பிழிந்து கொடுக்க ஆள் வந்திருப்பார்களே? கேஸுக்குக் கிலோவுக்கு 25, பேக்கிங்குக்கு 15 என்று வையுங்கள். ஒரு ஆளுக்கு 20 நாள், நாளுக்கு 500 என்றால் 10,000, அதை 360 கிலோவுக்குப் பங்கிட்டால் 28. மொத்தம் 68 கழிகிறது. 210-ல் 142 தான் மிச்சம். வருடம் 51,000 சொச்சம், மாதம் 4,260. இதில் உங்கள் கூலி என்று ஒரு பைசா எடுக்கவில்லை, நெருப்புக்கு முன்னால் நிற்பது நீங்கள்தான் என்றாலும்.

இப்போது லோன் பக்கம் வாருங்கள். 6 லட்சம், 14 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை 13,960 சுமார். ஐந்து வருட முடிவில் வட்டி மட்டும் 2.37 லட்சத்துக்கு மேல். பலகார வருமானம் 4,260-ல் இதை எப்படிக் கட்டுவது? மீதி 9,700 சம்பளத்திலிருந்து வர வேண்டும், அங்கே மாதம் மிஞ்சுவதே 6,500. வீட்டுக்கடனோடு சேர்த்தால் 52,000-ல் 28,460 தவணைக்கே போகும், பாதிக்கும் மேல். ஒரு மாதம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியதுதான். அதனால் பர்சனல் லோன் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

நகையை வைப்பதும் வேண்டாம். அத்தை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, நகைக்கடன் வட்டி பர்சனல் லோனைவிடப் பொதுவாகக் குறைவு. ஆனால் வருடக் கடைசியில் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பது, அடுத்த வருடம் மறுபடி திருப்பி வைப்பது என்று ஓடிக்கொண்டே இருக்கும், அசல் அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரிக்கோ காலேஜ் ஃபீஸுக்கோ அவசரம் வந்தால் எடுக்க அந்த 14 பவுன்தான் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்காக அதை லாக்கரிலிருந்து எடுக்காதீர்கள்.

வீட்டுக்கடன் வாங்கிய வங்கியிலேயே டாப்-அப் (அதே கடன்மேல் கூடுதல் கடன்) கிடைக்கும், வட்டி குறைவு, பழைய வரிமுறையில் இருந்தால் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்கு வருடம் 30,000 வரை கழிவும் உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த 30,000 வீட்டுக்கடன் வட்டிக்கான மொத்த 2 லட்ச வரம்புக்குள் அடக்கம், புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையவும் கிடையாது. வரிக்காகக் கடன் வாங்காதீர்கள்.

சரி, எதைத்தான் செய்வது? விலையை ஏற்றுங்கள். கிச்சன், தரை எல்லாம் அப்புறம். கிலோ 480-ஐ 560 ஆக்குங்கள். ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல், அதே 360 கிலோவுக்கு வருடம் 28,800 கூடுகிறது. 60 கிலோ ஆர்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் சரக்குக்குத் தேவை இருக்கிறது, விலைதான் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். கையால் பிழிந்த மனகோலத்தை ருசித்தவர்கள் 80 ரூபாய்க்காக மெஷின் முறுக்குக்குப் போகமாட்டார்கள், போகிறவர்கள் கொஞ்சம் பேர் போகட்டும். திருப்பிய அந்த 60-ஐயும் செய்ய முடிந்தால், 420 கிலோவுக்கு 222 வீதம் (பழைய 142, ஏற்றிய 80) 93,000 வரும். பத்தில் ஒருவர் நின்றுவிட்டாலும் 80,000-க்குக் குறையாது. தீபாவளி ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 140-ம் 60-ம் சேர்த்து 200 கிலோவுக்குச் சாமான் 54,000 ஆகும், அட்வான்ஸே 56,000 வந்துவிடும், சொந்தப் பணத்தைப் போட வேண்டியதில்லை.

அடுத்தது அந்த 60 கிலோ ஏன் முடியாமல் போனது என்று பாருங்கள். மாடுலர் கிச்சன் இல்லாததாலா? என் கணிப்பு, அடுப்பு போதவில்லை, சுட்டதை ஆறவைக்க இடமில்லை, மதியம் சாதம் வடிக்க எண்ணெய்ச் சட்டியை இறக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் சர்வீஸ் ஏரியா இருந்தால் அதைப் பலகாரத்துக்கு என்று தனியாக ஒதுக்குங்கள்: கிரானைட் மேடை, பெரிய பர்னர் அடுப்பு இரண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன், மூடிபோட்ட சில்வர் டின்கள், கவர் ஒட்டும் சீலர். 70,000-க்குள் முடிக்கப் பாருங்கள். வியாபாரத்துக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை எரிக்கக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல்தான், அதனால் கேஸ் செலவு நான் போட்ட 25-ஐவிடக் கொஞ்சம் ஏறலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு (உணவு விற்கிறவர்களுக்கான அரசுப் பதிவு) எடுக்கவில்லை என்றால் உடனே எடுங்கள், உங்கள் அளவுக்கு அதற்கு ஆகும் செலவு ஒரு கிலோ தேன்குழல் விலைகூட வராது. ஜி.எஸ்.டி. பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், உங்கள் விற்பனை அந்த எல்லைக்கு வெகுதூரம்.

3.4 லட்ச மாடுலர் கிச்சனைப் பற்றி எனக்கே சூடு பட்ட கதை இருக்கிறது. என் வீட்டில் போட்டபோது பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் சிங்குக்குக் கீழே இருந்த கதவு ஊறி, அடியில் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை) அவல் மாதிரி உதிர ஆரம்பித்தது. போட்டவர் போனை எடுக்கவே இல்லை. கொட்டேஷனில் "மரவேலை" என்று பொதுவாக எழுதியிருப்பார்கள், என்ன பலகை என்று கேளுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் வேண்டும். சிங்குக்கு அடியில் மரமே வேண்டாம் என்பது என் கட்சி, கருங்கல்லும் கம்பிக்கூடையும் போதும். எப்படியும் இந்த வருடம் அதைத் தொடாதீர்கள்.

ஆத்தங்குடித் தரை வேறு விஷயம், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. கண்ணாடிப் பலகைமேல் சட்டம் வைத்து, கலர் சிமென்ட் கூழை ஒவ்வொரு கட்டமாகக் கையால் ஊற்றி, மேலே மணல் சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது, சூளையே கிடையாது. அந்தக் கண்ணாடிதான் மினுமினுப்பைக் கொடுக்கிறது. சிமென்ட் என்பதால் எண்ணெய் குடிக்கும், புளியும் எலுமிச்சையும் சிந்தினால் தழும்பு விழும். ஹாலுக்குப் போடுங்கள், பலகாரம் சுடும் இடத்துக்கு ஒருநாளும் வேண்டாம். அந்த 1.1 லட்சத்தில் பழைய தரையை உடைப்பது, இடிபாட்டை அள்ளுவது, உடைக்காமல் மேலேயே போட்டால் உயரம் ஏறிக் கதவுகளின் அடியைச் சீவுவது எல்லாம் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்று, இதைப் பதித்துப் பழகிய கொத்தனார்தான் வேண்டும். சாதாரண டைல்ஸ் போடுகிறவர் கடைசியில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டால் அன்றோடு மினுமினுப்பு போச்சு. ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தால் பஸ் சார்ஜ், சாப்பாடு, தங்க இடம் உங்கள் கணக்கு. எல்லாம் சேர்த்து 1.4 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டெபாசிட். 4.2-ல் 2 லட்சத்தைத் தொடக்கூடாது, தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து நாலு மாதத்துக்கு அது வேண்டும். ஒரு லட்சம் பெண்ணின் காலேஜுக்கு. மாதம் மிஞ்சும் 6,500-ஐயும் அவள் பெயரைச் சொல்லி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போடுங்கள், இரண்டு வருடத்தில் 1.56 லட்சமும் வட்டியும் சேரும். மீதி 1.2 லட்சத்தில் 70,000 பின்பக்க அடுப்படிக்கு, 50,000 வீட்டு அலங்காரத்துக்கு. பலகாரப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள், சம்பளத்தோடு கலக்க வேண்டாம். விலையேற்றம் ஒட்டிவிட்டால் ஒன்றரை இரண்டு வருடத்தில் அந்தக் கணக்கிலிருந்தே ஹால் தரை போடலாம், கடனே இல்லாமல்.

50,000-க்கு என்ன வருமென்று கேட்பீர்கள். அம்மா வீட்டில் பரணில் கிடக்கும் பித்தளை அண்டா, எனாமல் தட்டு, தூக்குவாளி எல்லாம் முதலில் இறங்கட்டும், அதை விலைக்கு வாங்கத்தான் ஊரே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறது. அப்புறம் பனையோலைக் கொட்டான், அதாவது ஓலைக் கூடை. ஹாலில் நாலு வைத்தால் அழகு, கல்யாண ஆர்டருக்கு அதில் மாவுருண்டை அடுக்கிக் கொடுத்தால் கொட்டான் விலைக்கு மேல் தாராளமாக நூறு ரூபாய் கூட வாங்கலாம்.

ஊஞ்சலுக்கு என் ஓட்டு உண்டு. அதே தெருவில் பழைய தேக்குப் பலகையாகப் பாருங்கள், சங்கிலி மட்டும் புதுசு வாங்குங்கள். ஆனால் பலகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கான்கிரீட் போட்டபோது கூரையில் கொக்கி விட்டிருக்கிறார்களா என்று ஒரு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிடுங்கள். விடவில்லை என்றால் கூரையைத் துளைக்கும் முன் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர் சரி என்று சொல்லாமல் கொக்கியை வெறுமனே ஆணியடித்து மாட்ட விடாதீர்கள்.